முள் பச்சையில் நிற்கும்வரை

"முள் பச்சைக்கு வராம அப்பாவை ஒரு அடி நகர்த்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எஞ்சின் சூட்டைக் காட்டும் மானியைப் பார்த்தபடி நாடியா டிராக்டர் இருக்கையில் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் வைக்கோல் வண்டியில் அப்பா ஒரெஸ்ட் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். அவருக்கு அவசரமில்லை. தேவாலய வாசலில் நின்றவர்களுக்குத்தான் கால் விறைத்தது. கனடாவின் சஸ்காட்சுவானில் ஏப்ரல் மாதம் காலையில் பனிக்கட்டி, மதியம் சேறு.

அண்ணன் ரோமான் நகரத்துக் கோட்டோடு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான். முறையான சவ ஊர்தி வைப்போம் என்று சொல்லிச் சொல்லித் தோற்றவன்.

"உழவுக்கா போறே? உள்ளே இருக்கிறது ஒத்த மனுஷன். கிளம்பு, நாடியா."

"எஞ்சின் தண்ணி எண்பது டிகிரிக்கு வரணும். ஜில்லுனு இருக்கிற எஞ்சின்ல பாரத்தைக் கட்டினா அதைக் கொல்றதுக்குச் சமம்."

"அப்படியே அப்பா பேசற மாதிரி இருக்கு."

"அவர்தான் பேசறார். நான் சும்மா வாயசைக்கிறேன்."

ஒரெஸ்ட் உயிரோடு இருந்தவரை அந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. எஞ்சின் சூடாகாமல் கிளம்ப மாட்டார், சூடு ஆறாமல் அணைக்க மாட்டார். ஓடி வந்த குதிரையை நடக்கவிட்டு ஆற வைக்காமல் யாராவது கட்டுவார்களா என்று கேட்பார். ரோமான் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா இல்லாமலேயே மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா கொட்டகையில் கோட்டும் சூட்டுமாக முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நாடியா கேட்டாள். "டிராக்டரை நான் ஓட்டட்டுமா அப்பா? அன்னிக்கு?"

அவர் தலையணையில் தலையைத் திருப்பினார். "நீ மானியைப் பார்க்க மாட்டே. மேலே வாத்து பறந்தா வாயைப் பொளந்துக்கிட்டு அண்ணாந்து பார்ப்பே."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகப் பேசவும் இல்லை. நாடியாவுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. இன்று ஒரு நாள், அந்த எஞ்சினுக்கு ஒரு குறையும் வராமல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவர் நினைத்தது தப்பு என்று ஆகவேண்டும். அழுவதைக்கூட அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

அதனால்தான் விடியற்காலையிலேயே, குளிர்காலத்தில் ஊரே செய்வதுபோல, ரேடியேட்டர் முன்னால் குளிர்காற்று புகாமல் அட்டையைச் செருகி எஞ்சினைச் சூடேற்றித் தேவாலயத்துக்கு ஓட்டி வந்திருந்தாள். பூசை நடந்தபோது நின்ற எஞ்சின் மறுபடி ஆறிப்போயிருந்தது. அந்த நேரத்தில்தான் லீசியா அத்தை, டிராக்டர் முகம் மொட்டையாக இருக்கிறதென்று, தன் கையால் கட்டிய பெரிய மலர் வளையத்தை முன்னால் கம்பி போட்டு இறுக்கியிருந்தாள்.

முள் மெல்ல ஏறிப் பச்சையைத் தொட்டது. நாடியா கியரைப் போட்டாள்.

மதிய வெயிலில் பாதை இளகியிருந்தது. டிராக்டர் சேற்றில் முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது. வடக்கே திரும்பும் வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போனது. பின்னால் வந்த கார்களில் ஆளாளுக்குக் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். ஃபாதர் மைரோன்கூடப் பார்த்தார். நாடியா பார்க்கவில்லை. அவள் கண் முள்ளில் இருந்தது. முள் தொண்ணூறைத் தாண்டியது. தொண்ணூற்றைந்தைத் தாண்டியது. சிவப்பின் ஓரத்தைத் தொட்டது.

மேட்டின் பாதியில் அவள் வண்டியை நிறுத்தினாள்.

ரோமான் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்தான். "கல்லறை அதோ தெரியுது! இன்னும் ஒரு வயல்தானே!"

"முள் சிவப்புக்குப் போயிடுச்சு."

"இன்னிக்கு ஒரு நாள் போகட்டுமே. அப்பா எழுந்து வந்து திட்டவா போறார்?"

இருவரும் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்கள். அவர் விஷயத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ரோமான் எஞ்சினை அணைக்கப் போனான். நாடியா அவன் கையில் ஒன்று வைத்தாள். "அணைக்காதே! தண்ணி ஓட்டம் நின்னா உள்ளேயே கொதிச்சிரும். பாரமில்லாம மெதுவா ஓடட்டும்."

ஃபாதர் மைரோன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "தண்ணி வேணுமாம்மா? மந்திரிச்ச தண்ணி ஒரு குப்பி இருக்கு."

"கொதிக்கிற எஞ்சின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விட்டுரும், ஃபாதர். மந்திரிச்சிருந்தாலும்."

பக்கத்துப் பண்ணை வாசில் முன்பக்கம் போய் நின்று கழுத்தைச் சொறிந்தார். "நாடியா, மலர் வளையத்தை ஒரு பலகையில கட்டியிருக்கு. அதுக்குப் பின்னாடி உன் அட்டையும் இருக்கு. எஞ்சின் எப்படி மூச்சு விடும்?"

நாடியாவுக்குச் சுரீரென்றது. மலர் வளையம் மறைத்ததில் அட்டையை எடுக்கவே மறந்துவிட்டாள். "கிளம்பறப்பவே பார்த்தீங்களா மாமா?"

"அட்டை பழகின கண்ணு, தோணலை. பலகையைப் பார்த்தேன். ஆனா லீசியாகிட்ட யாரு சொல்றது?"

சுற்றி நின்ற விவசாயிகள் எல்லாம் தங்கள் பூட்ஸை ஆராய்ந்தார்கள். பூனைக்கு மணி கட்ட ஒருவருக்கும் துணிவில்லை.

"எங்கண்ணனுக்காக ராத்திரியெல்லாம் கட்டினேன்! அதுவா குத்தம்?" என்று லீசியா அத்தை ஆரம்பித்தாள்.

அம்மா காரிலிருந்தே குரல் கொடுத்தாள். "கழட்டு லீசியா. என் கல்யாணத்துக்கும் மூச்சு முட்ட முக்காடு கட்டினவதானே நீ."

லீசியா அத்தையே முதலில் சிரித்துவிட்டாள். வளையம் பெட்டியின் மேலே போனது, அட்டை பள்ளத்தில் போனது. முள் இறங்கக் காத்திருந்த நேரத்தில், விருந்துக்கு வைத்திருந்த, சோறு பொதிந்த கோஸ் இலைச் சுருளைப் பாத்திரத்தோடு யாரோ திறந்தார்கள். வாசில் மாமா முதுகை வளைத்து, ஒற்றைக் கண்ணால் முள்ளைப் பார்க்கும் ஒரெஸ்ட்டை நடித்துக் காட்டினார். ரோமான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவன் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முள் பச்சைக்கு இறங்கியது. வண்டி நகர்ந்தது.

கல்லறையில் பெட்டி இறங்கியது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஃபாதர் கடைசி ஜெபத்தை டிராக்டர் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. முடித்துவிட்டு நாடியாவைப் பார்த்தார். "அணைக்கலாமாம்மா?"

"இன்னும் கொஞ்சம், ஃபாதர். மேடேறி வந்த சூடு."

"அவ போக்குல விடுங்க" என்றாள் அம்மா. "ரோமான் பொறந்தப்பவும் இவங்கப்பா எஞ்சின் சூடு ஆற வச்சிட்டுத்தான் வந்தார்."

ஒருவரும் கிளம்பவில்லை. சேற்றில் நின்றபடி எல்லோரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முள் பச்சையின் நடுவுக்கு வந்து அசையாமல் நின்றது. நாடியா இன்னும் சற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தும் குமிழை இழுத்தாள்.

எஞ்சின் இரண்டு முறை உதறி அடங்கியது. வயல் முழுக்க அமைதி. எங்கோ தூரத்தில், இன்னொரு வாத்துக் கூட்டம் வரும் சத்தம் கேட்டது.

நாடியா கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள். பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள்.