பாரிஸ் தாள்

பட்டுத் துணியிலிருந்து தாளை மெல்ல உரித்தாள் பூமாரி. சாக்பொடியும் மண்ணெண்ணெயும் தொட்ட பஞ்சால் மூன்று முறை ஒற்றியதில், துணிமேல் பூங்கொத்து புள்ளி புள்ளியாக இறங்கியிருந்தது. ஓர் இதழ்கூடத் தப்பவில்லை. தாராவியின் இந்த எம்பிராய்டரிப் பட்டறையில் ஒன்பது வருஷமாக அவளுக்கு இதே வேலைதான். மேசைக்கு வருகிற டிசைனெல்லாம் பிரிண்ட் அவுட். அந்தத் தாளிலேயே கோட்டின்மேல் ஊசியால் குத்தி, துளை வழியே படத்தைத் துணியில் இறக்கிவிடுவாள்.

நூல் வாங்கிக்கொண்டு திரும்பிய முதலாளி சுடலைக்கண்ணன் தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏட்டி, இதையா குத்துன?"

"நீங்கதான அண்ணாச்சி மேசைல வச்சி, அர்ஜென்ட்டுன்னுட்டுப் போனீய?"

"இது ஒரிஜினல்ட்டி! பாரிஸ்ல பெரிய டிசைனர் ஒருத்தர் எழுபது வருஷத்துக்கு முன்னால கையால வரைஞ்சது. நூல் கலர் பாக்கத்தான் மாட்டுங்கா ஏரியா ஹரிதா மேடம் குடுத்தாவ. பட்டர் பேப்பர்ல காப்பி எடுத்துத்தான் குத்தணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாவளே! நாலு மணிக்குத் தாள வாங்க வாராவ."

"எங்கிட்ட யாரு சொன்னா?"

பூமாரி தாளை மறுபடி பார்த்தாள். தாளின் மேல்பாதியில் இடுப்பு ஒடுங்கி, பாவாடை விரிந்த கவுன் ஒன்று. அதை அவள் தொடவில்லை. கீழே, கவுனின் விளிம்புக்காக முழு அளவில் வரைந்திருந்த பூங்கொத்து முழுக்கத் துளை. முந்தானையால் ஒற்றினாள், எண்ணெய்க் கறை இன்னும் பரவியது. போலீஸ் வருமோ? வேலை போனால், இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடக்கும் புருஷனுக்கு யார் கஞ்சி ஊற்றுவது?

"பரண்ல ஏறு. மூச்சுக் காட்டாத" என்றார் சுடலைக்கண்ணன்.

நாலு மணிக்கு ஹரிதா மேடத்தின் குரல் பலகை இடுக்கு வழியே வந்தது.

"ஐயோ, என்ன இது! யாரு பண்ணினா?"

"புதுசா வந்த பொம்பள, மேடம். அப்பவே வேலைய விட்டு நிறுத்திட்டேன்."

"அவளைச் சும்மா விடப் போறதில்லை நான். ஆர்டர் குடுத்த கவுனாவது வெள்ளிக்கிழமை வந்துடணும்."

"பக்கா மேடம்."

பூமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்த பிறகு, பட்டும் பட்டர் பேப்பரும் மண்ணெண்ணெய்க் கிண்ணமும் பரணுக்கு ஏறி வந்தன.

"தாள மேடம் கொண்டுபோயிட்டாவ, துணில இருக்கதப் பாத்து காப்பி எடு. இன்னும் ஆறு கொத்து இறக்கணும்."

"வேலைய விட்டு நிறுத்தியாச்சுன்னியளே, அண்ணாச்சி?"

"நிறுத்தியாச்சுதான். இத முடிச்சிட்டுப் போ."

கீழே ஏணியை எடுக்கும் சத்தம் கேட்டது. பூமாரி காப்பி எடுத்து முடித்து, ஊசியை எடுத்தாள். கை ஆடினால் இதழ் தப்பிவிடும் என்று மணிக்கட்டை முழங்காலில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.