ஓட்டார் நம்பிய கல்

1

இந்தக் கதை ஒரு விளக்கத்தில் பிறந்தது. விளக்கியவன் நான். எதையும் பாதியில் நிறுத்த எனக்கு வராது.

முதல் தொடக்கம்: ‘ஐஸ்லாந்தின் வானம் அன்று’ – வேண்டாம். இந்த வானத்தைப் பற்றி எழுதாத பயணி கிடையாது.

இரண்டாவது: ‘சுற்றுலாப் பயணிகள் இயற்கையை நேசிப்பவர்கள்.’ எழுதிவிட்டு நானே சிரித்தேன். பதினைந்து வருடமாக இந்த வடக்கு ஊரில் சிற்றுந்து ஓட்டுகிறேன். அருவிக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் அவர்களுடைய நேசம். ஊறிப் புளித்த சுறாவில் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணீர் விட்டு, காகிதத்தில் துப்புவார்கள். மாலையில், ‘ஒரு பண்பாட்டையே சுவைத்தேன்’ என்று எழுதுவார்கள்.

2

இனி ஒரு நுட்பமான வேலையைச் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள்.

ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டுவெளியில் மரமும் இல்லை, வேலியும் இல்லை. பாதையைக் காட்டுவது வழிக்கல். இடுப்புயரத்துக்குக் கல்லை அடுக்கியிருப்பார்கள். அடியில் அகலம், மேலே குறுகல். ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். அப்போதுதான் மழைநீர் வெளியே வழியும். உள்ளே தங்கினால் உறைந்து அடுக்கையே பிளந்துவிடும். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும். மூடுபனியில் தெரியாதபோது, உச்சியில் கிடக்கும் நீளக் கல்லைத் தடவிப் பார்த்து, அதன் முனை காட்டும் பக்கம் நடக்க வேண்டும். செப்டம்பரில் மேய்ச்சல் ஆடுகளை இறக்கப் போகிறவர்கள் அப்படித்தான் வீடு திரும்புகிறார்கள்.

பயணிகளும் அடுக்குவார்கள். ஐந்து கூழாங்கல், ஒரு படம், அவ்வளவுதான். அது யாரையும் ஏமாற்றாது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஓட்டார் போகிற போக்கில் அவற்றை உதைத்துவிட்டுப் போவார்.

“உன் ஆளுங்க மறுபடியும் முட்டை முட்டையா கல்லு அடுக்கிட்டுப் போயிருக்காங்க.”

“ஏதோ ஆசைக்கு வைக்கிறாங்க, ஓட்டார்.”

“அவ்வளவு ஆசைன்னா அவங்க வீட்டு வாசல்ல அடுக்கச் சொல்லு. நான் போய் அங்க ரெண்டு ஆட்டை மேய விடுறேன்.”

(ஓட்டாருக்கு வயது அறுபத்து மூன்று. கதாபாத்திரமாக அவர்மேல் எனக்குச் சந்தேகம்: மறைக்க எதுவுமே இல்லாத மனிதர். ஒரு பழைய சோகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3

ஜூலையில் வெர்னர் என்ற பயணி வந்தார். பாலம் கட்டும் பொறியாளர். வழிக்கல்லைக் காட்டி, யாரும் கேட்காததைக் கேட்டார்: “இது ஏன் விழ மாட்டேங்குது?”

நான் உருகிவிட்டேன். மற்றவர்கள் சிற்றுந்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, ஒரு மதியம் முழுக்க விளக்கினேன். விளக்கியது போதாதென்று, இருவருமாக ஒன்றைக் கட்டினோம். பாசி படிந்த முகத்தை வெளியே திருப்பச் சொன்னதும் நான்தான்: “அப்பத்தான் பழசாத் தெரியும்.”

உச்சிக் கல்லை வெர்னர் ஏரிப்பக்கம் திருப்பினார். பாதை அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே இருப்பது சதுப்பு.

“படத்துல பின்னாடி ஏரி நல்லா இருக்கு,” என்றார். படம் எடுத்ததும் அவரே கேட்டார்: “கலைச்சிரலாமா?”

“இருக்கட்டும், அழகா இருக்கு,” என்றேன்.

(இந்த இடத்தில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. இரண்டுமே சாக்கு. அடித்துவிட்டேன்.)

4

ஆடு இறக்கும் நாளில் மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. மற்றவர்கள் ஆடுகளோடு பட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். ஓட்டார் வரவில்லை.

பயணிகள் இருவர் வந்தார்கள். கைபேசி வரைபடத்தைப் பார்த்தபடியே சுத்தமாக இறங்கி வந்து, ஆட்டிறைச்சி சூப் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பொய்க்கல் அவர்களை ஒன்றும் செய்யாது. கல்லை நம்புகிறவனைத்தான் அது கவிழ்க்கும்.

பிறகு ஓட்டாரின் நாய் தீரா வந்தது. தனியாக வந்தது. வயிறுவரை கறுப்புச் சேறு.

ஓட்டாரின் மனைவி ஸ்டெய்னுன் அந்தச் சேற்றை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

“இது ஏரிப்பக்கத்துச் சேறு. அங்க எதுக்குப் போனாரு? கண்ணைக் கட்டி விட்டாக்கூட கல்லைத் தொட்டுத் தொட்டே வந்துருவாரே.”

வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாக விளக்கினேன்.

“பாதையோரமா ஒரு கல்லு நான் வச்சேன், ஸ்டெய்னுன். முனை ஏரியைப் பார்த்து இருக்கு.”

அவள் கத்தவில்லை.

“நல்லா வச்சியா?”

“நல்லாத்தான் வச்சேன்.”

“அப்ப நம்பியிருப்பாரு.”

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாயோடு மேட்டில் ஏறினாள்.

5

ஒரு மணி நேரத்தில் பனிக்குள்ளிருந்து முதலில் ஆடுகள் வந்தன. அடுத்து தீரா, ஸ்டெய்னுன். கடைசியாக, இடுப்புவரை சேற்றோடு ஓட்டார்.

“எந்த மடையன்டா அந்தக் கல்லை வச்சது?”

நான் கையைத் தூக்கினேன். அவர் சூப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

“மடையன்தான். ஆனா அடுக்கு சுத்தம்டா. தண்ணி உள்ள நிக்காது.”

6

இந்த எண்களும் வழிக்கற்கள்தான். ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும்படி வைத்திருக்கிறேன். நாலுவரை நடந்தவை, பாதையில் இருப்பவை. ஐந்து நடந்ததா, நானாக அடுக்கியதா என்று எனக்கு உறுதியில்லை. அடுக்கு சுத்தமாக இருக்கிறது. பாசி வெளியே பார்க்கிறது. முனை நீங்கள் போக விரும்பும் பக்கமே காட்டுகிறது. எனக்குப் பயமே அதுதான். பின்னால் ஏரி நன்றாக இருக்கிறது.

நீங்களும் என் சிற்றுந்தில்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள். இறங்குங்கள். படம் எடுக்க வேண்டாம். ஐந்தின்மேல் கை வையுங்கள். ஸ்டெய்னுன் இன்னும் மேட்டில்தான் இருக்கிறாள். இந்தக் கல்லைத் தடவித்தான் அவளும் திரும்ப வேண்டும்.

தள்ளுவதா, விடுவதா? ‘இருக்கட்டும், அழகா இருக்கு’ என்று நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாகிவிட்டது. இந்த முறை சொல்ல வேண்டியவர் நீங்கள்.