இரண்டாம் இடத்தில் நின்ற பாட்டு

கஜந்தினிக்கு அந்த இத்தாலிப் பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. விளங்காத பாட்டை நம்பித் தன் கல்யாணத்தையே ஒப்படைத்தவள் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

2009 தை மாதம். இத்தாலியின் ரிமினியில் ஒரு நடன விடுதியில் கிளாஸ் கழுவும் பிருந்தாபன், பாரிஸ் புறநகர் செவ்ரானில் இருக்கும் தமக்கை வீட்டுக்கு வந்திருந்தான். கஜந்தினியின் அப்பா மகேந்திரராசாவின் ரெலிபோன் கடைக்குக் கார்ட் வாங்க வந்தான். வாங்கிய கார்ட் முடிவதற்குள் இன்னொன்று வாங்க வந்தான். புறப்படும் நாளில் அவளுடைய போனுக்கு ஒரு பாட்டை அனுப்பினான்.

"இது எங்கடை கிளப்பிலை போடுற ஹவுஸ் பாட்டு. இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. இது பிரான்ஸிலை முதலாம் இடத்துக்கு வரட்டும், அடுத்த கிழமையே உம்மடை அப்பாட்டை வந்து பொம்பிளை கேப்பன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பகிடி என்று விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அவளுக்கு அவனை அவ்வளவு பிடித்திருந்தது.

அதன்பின் கடைக்குத் திருத்த வந்த எந்தப் போனும் அந்தப் பாட்டை ரிங்டோனாக ஏற்றாமல் திரும்பிப் போகவில்லை. நகைக்கடை வாமதேவன், பூக்கடை அக்கா, கறிவேப்பிலை வாங்க வந்த மாமிமார், யாரையும் அவள் தப்பவிடவில்லை. அப்பாவின் போனிலும் ஏற்றினாள். அதை மாற்றத் தெரியாமல் அவர் திட்டிக்கொண்டே திரிந்தார்.

வசந்தம் வந்தபோது தெரு முழுக்க அதுதான் பாடியது. மேல்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும் தடதடப்பும் பாட்டின் தாளமும் ஒன்றாகச் சேர, அவள் கண்ணை மூடாமலே வேறெங்கோ போய்விடுவாள். பார்த்தேயிராத ஒரு கடற்கரை. தண்ணீரில் ஆடும் வெளிச்சம். அங்கே யாரோ ஈரக் கையைத் துடைத்தபடி அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். "தங்கச்சி, சிம் கார்ட் இருக்கோ?" என்று கவுண்டரில் யாராவது தட்டும்போதுதான் திரும்பி வருவாள்.

கோடையில் பாட்டு பிரான்ஸின் பாட்டுப் பட்டியலில் உண்மையாகவே ஏறத் தொடங்கியது. லெ பிளாங்-மெனிலில் இருந்த தங்கள் வீட்டுக் குசினியில் ரேடியோவோடு ஒட்டிக்கொண்டு கேட்டாள். ஐந்தாம் இடம், மூன்றாம் இடம், இரண்டாம் இடம். அங்கேயே நின்றது. கிழமைக்குக் கிழமை அதே இரண்டாம் இடம்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் பெரிய இசைத்தட்டுக் கடையொன்றுக்குப் போய், அங்கே விற்பனைப் பெண்ணாக நின்ற ஜெனவியேவிடம் பாட்டு ஏன் மேலே ஏறவில்லை என்று கேட்டாள். பாதி லா சப்பலுக்குத் தானே ஏற்றிக் கொடுத்ததாகப் பெருமையும் அடித்தாள்.

ஜெனவியேவ் சிரித்துவிட்டாள். "இலவசமாகக் கொடுத்தது கணக்கில் வராது, மத்மசெல். விற்றதைத்தான் எண்ணுவார்கள்."

எங்கள் சனம் பாட்டுக்குக் காசு கொடுத்த கதை எங்கே இருக்கிறது? ஒருவர் வாங்கினால் ஊரே பிரதி எடுக்கும். வாங்கியிருக்கக் கூடியவர்களையும் தானே கெடுத்துவிட்டோமே என்று கஜந்தினி மெத்ரோவில் அழுதுகொண்டே வந்தாள்.

இலையுதிர் காலத்தில் பாட்டு இறங்கி, பட்டியலை விட்டே போய்விட்டது. அவன் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. அவளும் அவனுக்கு எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கையில் பிஸ்கட் பெட்டியோடு பிருந்தாபன் கடை வாசலில் நின்றான்.

"என்ன, இஞ்சாலை?" என்றாள்.

"பொம்பிளை கேக்க வந்தனான்."

"பாட்டு இரண்டாம் இடத்தோடை நிண்டிட்டுதே."

"ஆர் சொன்னது? கார் து நோர் ஸ்டேசனிலை இறங்கி நடந்து வாறன். ஆற்றை போன் அடிச்சாலும் அதுதான் பாடுது. எனக்குத் தெரிஞ்ச பிரான்ஸ் இந்தத் தெருதான். இஞ்சை முதலாம் இடம் எதுக்கெண்டு நீரே சொல்லும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோசத்தை மறைக்கவும் தெரியவில்லை.

"என்னட்டை மட்டும் கேட்டுக் காணாது. அப்பான்ரை நம்பர் சொல்லுறன், எடுங்கோ."

எடுத்தான். பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பாட்டு எழுந்தது.

"இந்தச் சனியன் பிடிச்ச பாட்டை என்ரை போனிலை ஆர் ஏத்தினது?" என்று கத்தினார் மகேந்திரராசா.

"நான்தான் அப்பா," என்றாள் கஜந்தினி. "எடுத்துக் கதையுங்கோ."