ஈரத் தட்டுகளும் இறகுப்பந்தும்

திருமலைராயன்பட்டினத்தில் கமாலுதீன் வீட்டுச் சமையலறைக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்த நாள்முதல், அவர் மனைவி ஜொஹராவுக்கு மாலைப்பொழுது என்று ஒன்று கிடைத்தது. அதற்குமுன் மாலை என்பது கழுவுதொட்டியின் முன்னே நிற்கும் நேரமாகவே அவளுக்கு இருந்துவந்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து நிமிர்வதற்குள் அந்திநேர மஃரிப் பாங்கு ஒலித்துவிடும். இப்போதோ, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பாத்திரங்களை இயந்திரத்துள் அடுக்குவாள், பொத்தானை அழுத்துவாள், முக்காட்டை இறுக முடிந்துகொண்டு, மட்டையும் கையுமாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவாள்.

பக்கத்து வீட்டுச் சிவப்ரியா, காரைக்காலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிபவள். அவள் வீட்டுக் கொல்லையில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் ஒன்று உண்டு. அறுவடைக் காலம் போக மற்ற நாள்களில் அது வெறுமனே கிடக்கும். பட்டினச்சேரியிலிருந்து வாங்கிவந்த பழைய மீன்வலையை அதன் குறுக்கே கட்டி, இருவரும் இறகுப்பந்து ஆடினார்கள். கடற்காற்று அவ்வாட்டத்தில் மூன்றாவது ஆளாகக் கலந்துகொள்ளும். அது யாருடைய முதுகுப்பக்கமிருந்து வீசுகிறதோ, அவர் அடித்த பந்து எல்லையைக் கடந்து தென்னந்தோப்பில் போய் விழும். நாற்பத்தேழு வயதிலும் தன்னால் குதிக்க முடியும், கூச்சலிட முடியும் என்பதை ஜொஹரா அக்களத்தில்தான் அறிந்தாள்.

அந்த மாலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. இயந்திரம் பாத்திரங்களைப் பழுதறக் கழுவியது. உலர்த்துவதற்கு மட்டும் மறுத்தது. கதவைத் திறந்தால் தட்டுகளிலிருந்து நீர் சொட்டும். கிண்ணங்களின் குழிகளில் நீர் தேங்கி நிற்கும்.

இயந்திரத்தை வாங்கியவர் கமாலுதீன்தான். சார்ஜாவில் பல ஆண்டுகள் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டுக்கு வருவோரையெல்லாம் சமையலறைக்கு அழைத்துச்சென்று அதைக் காட்டாமல் அனுப்பியதில்லை. ஆயினும், ஒரு வெள்ளிக்கிழமை விருந்தில் அவருடைய பெருமை குலைந்துபோயிற்று. நால்வர் சுற்றியமர்ந்து உண்ணும் பெரிய வட்டத் தட்டாகிய சகனை இயந்திரத்திலிருந்து அவசரமாக எடுத்து, அதில் நெய்ச்சோற்றைப் பரப்பிவிட்டார்கள். சோற்றின் அடியிலிருந்து நீர் கசிந்து விளிம்பு வரை வந்தது.

"என்ன கமாலு, சோறு குளிச்சிட்டுத் தலை துவட்டாம வந்துருச்சா?" என்றார் நண்பர் அல்லா பிச்சை.

பந்தியே சிரித்தது. கமாலுதீன் சிரிக்கவில்லை. விருந்தினர் போனதும் மனைவியை அழைத்தார்.

"ஜொஹரா, வர்ற வெள்ளிக்கிழமை ரிஃபாய் வண்டி கொண்டுவர்றான். அவன் ஹோட்டலுக்கு இந்த மெஷினை எடுத்துக்கிறானாம்."

"காய மாட்டேங்குதுன்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். தொடைக்கிறதுக்கு அங்க ஆள் இருக்குன்னான்."

"இங்கயும்தான் ஆள் இருக்கு. இவ்வளவு வருசமா நான்தானே அந்த ஆளு!"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நஜீபா குறுக்கிட்டார். கமாலுதீனின் மூத்த சகோதரியும் வீட்டில் எல்லோருக்கும் 'லாத்தா'வுமாகிய அவர், கணவர் காலமானபின் தம்பியின் வீட்டிலேயே வாழ்ந்துவருபவர்.

"ஈரமா இருந்தா என்ன தம்பி? தண்ணி என்ன அசுத்தமா? துணியால ஒரு தொடை தொடச்சா ஆச்சு. இதுக்குப் போயி மெஷினைக் கொடுப்பாங்களா?"

கமாலுதீன் வியந்துபோனார். "மிக்ஸியையே நம்பாம அம்மியில அரைக்கிற ஆளு நீ. மெஷினுக்கு வக்காலத்து வாங்குறியா லாத்தா?"

"வாங்கினா என்ன? அதுவும் நம்ம வீட்டுச் சாமான்தானே," என்று சொல்லிவிட்டு நஜீபா தமது அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் ஜொஹரா சிவப்ரியாவை அழைத்துவந்தாள். இருவரும் இயந்திரத்தின் முன் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். கமாலுதீன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"உப்பு போடச் சொல்லி விளக்கு எரியுதே. போடலையாக்கா?" என்றாள் சிவப்ரியா.

ஜொஹரா கணவரைப் பார்த்தாள்.

"உப்பா? நம்ம ஊர்த் தண்ணியில இல்லாத உப்பா? கடலோரத்துல குடியிருந்துக்கிட்டு மெஷினுக்கு உப்பு வாங்கிப் போடணுமாக்கும்!" என்றார் கமாலுதீன்.

"அண்ணே, தண்ணியில இருக்கிற சுண்ணாம்பைப் பிடிச்சு நிறுத்த உள்ளுக்குள்ள ஒரு பெட்டி இருக்கு. இந்த உப்பு அதுக்கு. கடல் தண்ணியையே கொண்டாந்து ஊத்தினாலும் அந்த வேலை நடக்காது."

 கமாலுதீன் அன்று மாலையே கடைக்குப் போய் உப்பு வாங்கிவந்தார். கதவின் உட்புறத்தில் இருந்த ரின்ஸ் எய்ட் கிண்ணமும் காய்ந்து கிடந்தது. அந்தத் திரவம் இருந்தால்தான் தட்டின்மேல் நீர் முத்துமுத்தாக நில்லாமல் வழுக்கி ஓடும் என்று சிவப்ரியா விளக்கி, அதையும் வாங்கிவரச் செய்து ஊற்றினாள். சகனை மல்லாத்தி வைத்திருந்ததும் தவறு. அதனைச் சாய்த்து நிறுத்தினார்கள். கிண்ணங்களையும் நீர் வடியுமாறு சாய்வாகக் கவிழ்த்தார்கள்.

அன்று இருவரும் ஆடப் போகவில்லை. அடுப்படியிலேயே தேநீர் அருந்திக்கொண்டு காத்திருந்தார்கள். வேலை முடிந்ததென்று இயந்திரம் கூவியதும் ஜொஹரா கதவைத் திறந்தாள். வெந்நீராவி முகத்தில் அடித்தது. உள்ளே தட்டுகள் கை பொறுக்காத அளவுக்குக் கொதித்தன. பிளாஸ்டிக் டப்பாக்களில் மட்டும் இரண்டொரு துளி நின்றது, மற்றவையெல்லாம் உலர்ந்திருந்தன.

"காஞ்சிருச்சு! லாத்தா, வந்து பாருங்க!" என்று ஜொஹரா வீடு அதிரக் கூவினாள்.

நஜீபா எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. "நல்லதாப் போச்சு," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஜொஹரா நிம்மதியாக ஆடிவிட்டுத் திரும்பினாள். கதவைத் திறந்தாள். தட்டுகளிலிருந்து நீர் சொட்டிற்று.

அதற்கடுத்த நாளும் அவ்வாறே ஆயிற்று. அருகில் அமர்ந்து காத்திருந்தால் உலர்த்துவதும், ஆடப் போனால் ஈரமாக விடுவதுமாக இயந்திரம் அவளைப் படாதபாடு படுத்தியது.

"இது மெஷினா, இல்ல ஹோட்டல் சப்ளையரா? முதலாளி பார்த்தாத்தான் வேலை செய்யுது," என்றார் கமாலுதீன்.

வியாழக்கிழமை மாலை, களத்திலிருந்து திரும்பிய ஜொஹரா சகனை வெளியே எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சகன் குளிர்ந்திருந்தது. காத்திருந்த அன்று கையைச் சுட்ட அதே சகன் இன்று குளத்தில் முக்கியெடுத்ததுபோல் இருந்தது. உடனே சிவப்ரியாவை அழைத்தாள். அவள் அடித்தட்டை வெளியே இழுத்து, வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் நீர் தேங்கி நின்றது.

"பம்பு கோளாறுன்னா அழுக்குத் தண்ணி நிக்கணுமேக்கா. இது குடிக்கிற தண்ணி மாதிரில்ல இருக்கு!"

ஜொஹரா அந்நீரில் விரலை நனைத்து முகர்ந்தாள். மீண்டும் ஒருமுறை முகர்ந்தாள். பிறகு விரலைச் சிவப்ரியாவின் மூக்கருகே கொண்டுபோனாள்.

"வெட்டிவேர்," என்றாள் சிவப்ரியா.

அவ்வீட்டில் வெட்டிவேர் மணக்கும் நீர் ஓரிடத்தில்தான் உண்டு. சமையலறை மூலையில் நஜீபா வைத்திருக்கும் குடிநீர்ப் பானையே அது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பின் விருந்து நடந்தது. அஸருக்குப் பின் ஜொஹரா இயந்திரத்தில் முதல் அடுக்கை நிரப்பினாள். மீதிப் பாத்திரங்களை ஒதுக்கி வைத்தாள். "லாத்தா, போயிட்டு வர்றேன்!" என்று வழக்கத்தைவிட உரக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். களத்தில் ஆட்டமோ ஆட்டமாக இல்லை. கையில் பந்து இருந்தது. காது மட்டும் தன் வீட்டுச் சமையலறையில் இருந்தது. இயந்திரத்தின் கூவல் கேட்டதும், இருவரும் கொல்லை வழியாக அரவமின்றி வந்து சமையலறை வாசற்படியில் நின்றார்கள்.

இயந்திரத்தின் கதவு திறந்திருந்தது. நீராவியில் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போக, நஜீபா குனிந்து நின்றார். கையில் பித்தளைச் செம்பு. "பிஸ்மில்லா" என்று மெல்லச் சொல்லி, ஒவ்வொரு தட்டின்மேலும் நீரை வார்த்துக்கொண்டிருந்தார். மேல்தட்டை முடித்துப் பானைக்குப் போனார், செம்பை நிரப்பினார், திரும்பவும் வந்து வார்த்தார்.

"லாத்தா!"

செம்பு தரையில் விழுந்து உருண்டது.

"என்ன புள்ள, அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருச்சா?" என்றார் நஜீபா, கண்ணாடியைத் துடைத்தபடி.

"இங்க என்ன ஆட்டம் நடக்குதுன்னு பார்க்க வந்தோம்."

நஜீபா நாற்காலியில் அமர்ந்தார். தப்பிக்க வழியில்லை என்று கண்டதும் நேராகவே பேசினார்.

"கடைக்காரப் பையன் என்ன சொன்னான்? தண்ணி செலவே கிடையாதும்மா, ஒரே தண்ணியைச் சுத்திச் சுத்தி அடிக்கும்னான். அழுக்குத் தண்ணியைச் சுத்திச் சுத்தி அடிச்சா அது கழுவினதா? மூணு தண்ணி விட்டு அலசாத தட்டுல நான் எப்படிச் சோறு திம்பேன், என் தம்பிக்கு எப்படிப் போடுவேன்?"

"அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லாத்தா!"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? மட்டையை மூலையில சாத்திட்டுச் சிங்க் முன்னால வந்து நிப்பே. மாடி ஜன்னல்லேருந்து நான் பார்க்கிறேன்ல? அந்தக் களத்துல நீ சிரிக்கிற மாதிரி இந்த வீட்டுக்குள்ள ஒரு நாளும் சிரிச்சதில்ல. அதை எதுக்கு நான் கெடுக்கணும்? நீயும் ஆடு, தட்டும் சுத்தமாகட்டும்னு நினைச்சேன். ஈரம்தானே, தொடச்சுக்கலாம்னு இருந்தேன். அவன் வண்டியை வரச் சொல்லுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது சரி, பானைத் தண்ணி எதுக்கு?"

"குழாய்த் தண்ணியை ஊத்தினா வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுது. பானையில இருக்கிறது நல்ல தண்ணி. நீ கண்டுபிடிச்சிருவியே!"

ஜொஹரா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே அமர்ந்துவிட்டாள். சிறிது நேரத்தில் நஜீபாவும் சேர்ந்துகொண்டார்.

சிவப்ரியா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, மெஷின் எத்தனை தண்ணி மாத்துதுன்னு உங்க கண்ணாலயே பார்த்துட்டா ஒத்துக்குவீங்களா?"

"மூணுக்குக் குறைஞ்சா ஒத்துக்க மாட்டேன்," என்றார் நஜீபா.

கழிவுநீர்க் குழாயின் முனையைச் சுவரிலிருந்து கழற்றிக் கழுவுதொட்டியின் விளிம்பில் கட்டினார்கள். அதன் கீழே வெள்ளை வாளி ஒன்றை வைத்தார்கள். ஒதுக்கி வைத்திருந்த விருந்துப் பாத்திரங்களை அடுக்கி இயந்திரத்தை ஓடவிட்டார்கள். மஃரிப் தொழுதுவிட்டுக் கமாலுதீனும், வண்டியோடு வந்த ரிஃபாயும் உள்ளே நுழைந்தபோது, மூன்று பெண்களும் ஒரு வாளியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன நானா, வீட்டுல மோட்டார் ஏதும் ரிப்பேரா?" என்று ரிஃபாய் கமாலுதீனைக் கேட்டான்.

"பேசாம இரு தம்பி. கணக்குத் தப்பிரும்," என்றார் நஜீபா.

முதல் நீர் மஞ்சளும் எண்ணெயுமாக வந்து விழுந்தது. நஜீபா முகம் சுளித்தார். அடுத்த நீரில் நுரை பொங்கிற்று. அவ்விரண்டையும் அவர் அலசல் கணக்கில் சேர்க்கவில்லை. வாளியைக் கொட்டிவிட்டு மீண்டும் வைத்தார்கள். உள்ளே புதுநீர் புகும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் வடிந்த நீரில் நுரை மிகக் குறைந்திருந்தது. நஜீபா ஒரு விரலை மடக்கினார். மறுபடியும் புதுநீர், தெளிவாக வந்தது, இரண்டாம் விரல் மடங்கிற்று. அதன்பின் நெடுநேரம் இயந்திரம் மௌனம் காப்பதுபோல் இருந்தது.  கடைசியாகக் கொதிக்கும் நீர் ஆவி பறக்க வாளியில் பாய்ந்தது. வாளியின் அடித்தளம் கண்ணாடி வழியே தெரிவதுபோல் தெரிந்தது.

"மூணு!" என்று நஜீபா உரக்கச் சொன்னார். "அதுவும் சுடுதண்ணி! நானே இப்படி அலசினதில்ல!"

நடந்தவற்றை ஜொஹரா கணவருக்கு எடுத்துச்சொன்னாள். கமாலுதீன் தமக்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ, அல்லா பிச்சை முன்னால என் மானம் போனது உன் செம்பாலயா லாத்தா? சோறு குளிச்சது உன் பானைத் தண்ணியிலயா?"

"நல்ல தண்ணியிலதான்டா குளிச்சுச்சு. வெட்டிவேர் போட்டது," என்றார் நஜீபா.

கமாலுதீனால் அதற்குமேல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

உலர்வதற்குரிய நேரமும் கடந்தபின் கதவைத் திறந்தார்கள். கமாலுதீன் தாமே சகனை எடுத்து, கைக்குட்டையால் ஒரு முறை துடைத்து, அதனை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கைக்குட்டையில் ஈரம் இல்லை. அதே சகனில் மீதமிருந்த நெய்ச்சோற்றைப் பரப்பி, ரிஃபாயை உட்காரவைத்தார்கள். அவன் வயிறார உண்டு எழுந்தான்.

"அப்போ மெஷினை நான் எப்ப எடுத்துக்கிறது நானா?"

"சாப்பிட்டேல்ல? வண்டியைப் பார்த்து ஓட்டிக்கிட்டுப் போ," என்றார் கமாலுதீன்.

மறுநாள் மாலை களத்தில் ஆட்டம் களைகட்டியிருந்தது. கடற்காற்று தன் முதுகுப்பக்கமிருந்து வீசியதால் ஜொஹரா தோற்றுக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவு திறந்தது. முந்தானையை இடுப்பில் செருகியவாறு நஜீபா வந்தார்.

"மெஷின் கத்திருச்சு. ஆவி போகட்டும்னு கதவைக் கொஞ்சமாத் திறந்து வச்சுட்டு வந்தேன். செம்பைத் தொடலை, சத்தியமா!"

"நம்புறோம் லாத்தா. உட்காருங்க."

"உட்காரவா வந்தேன்? இவ்வளவு நாளா ஜன்னல்லேருந்து பார்த்துப் பார்த்து எனக்கும் கை துறுதுறுங்குது. அதை இங்க கொடு."

ஜொஹரா மட்டையைக் கொடுத்தாள். நஜீபா அம்மிக்குழவி பிடிப்பதுபோல் அதை இரு கைகளாலும் பற்றினார். சிவப்ரியா பந்தை மெதுவாக அடித்து அனுப்பினாள். அது வலையைத் தாண்டி வந்ததும், நஜீபா ஓங்கி ஒரே அடி. பந்து சிவப்ரியாவின் தலைக்குமேல் பறந்து, களத்தைக் கடந்து, தென்னந்தோப்புக்குள் மறைந்தது.

"காத்து!" என்றார் நஜீபா உடனே. "என் மேல தப்பில்ல, காத்து! இன்னொன்னு போடு!"

மூவரும் பந்தைத் தேடித் தென்னந்தோப்புக்குள் ஓடினார்கள்.