இந்தா பிடி

மழைநாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. அதனால் மழை பெய்தால்தான் எங்கள் விளையாட்டு. தெஹியோவிட்டயில் கடை வைத்திருக்கும் ரிப்கான், நான், என் தங்கை விஜயகலா, மூன்றே பேர். முன்பு தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப்போகும் இடமாக இருந்து, பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில் ஒரு மேசையும், எண் போட்ட இருபது முகத் தாயக்கட்டை ஒன்றும் போதும். கதை சொல்வதும் சட்டம் சொல்வதும் நான். அவர்கள் இருவரும் கதைக்குள் ஆளாகிப் பூதங்களோடு மல்லுக்கட்டுவார்கள்.

கலா வீட்டைவிட்டு வெளியே வருவது இதற்கு மட்டும்தான். இரண்டு வருடத்துக்கு முன், ரப்பர் பாலை உறையவைக்கும் அசிட் தெறித்து அவளுடைய இடது கண் போய்விட்டது. "ஒரு மூடியக்கூட ஒழுங்கா தெறக்கத் தெரியாத கழுத" என்று அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள். கலா மூடியைத் திறக்கவே இல்லை. மழை இறங்கிவிட்டது, பால் வீணாகப் போகிறது என்ற எரிச்சலில், சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த அசிட்டை "இந்தா பிடி" என்று வீசியவன் நான். மூடியை இறுக்காதவனும் நான்தான். ஆஸ்பத்திரியில் அவள் "நான்தான் தெறந்தேன்" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். கோழைப்பயல்.

போன ஞாயிறு, கதையில் ரிப்கானின் வீரன் குகைக்குள் பூதத்திடம் மாட்டிக்கொண்டான். அவன் வாள் உடைந்துவிட்டது. தீப்பிடிக்கும் எண்ணெய்ப் போத்தல் ஒன்று கலாவின் ஆளிடம் இருந்தது.

"வீசு கலா, நான் பிடிச்சிக்கிறேன்," என்றான் ரிப்கான்.

நான் வழக்கம்போலச் சட்டம் பேசினேன். "அது வீசுறதுக்குன்னு செஞ்ச சாமான் இல்ல. விழுற நம்பர்ல நாலு கழியும். பத்துக்குக் கொறஞ்சா தவறிரும்."

"தவறினா?" என்றாள் கலா.

"போத்தல் ஒடையும். பக்கத்துல நிக்கிறவங்க மேல படும்."

"எங்க படும்ண்ணே?"

"அதுக்குச் சட்டம் இல்ல," என்றேன்.

"அப்ப நான் வீசல. நடந்துபோய்க் கையில குடுக்கிறேன்."

"பைத்தியமா ஒனக்கு? நடந்தா பூதம் ஒன்னத்தான் அடிக்கும்," என்றான் ரிப்கான்.

"அடிக்கட்டும்."

பூதத்துக்காகக் கட்டையை உருட்ட வேண்டியவன் நான். அவர்களுக்குத் தெரியாதபடி கதை எழுதும் கொப்பியை நிறுத்தி அதன் பின்னால்தான் உருட்டுவேன். பத்தொன்பது விழுந்தது; பூதத்தின் அடி தப்பாது. அவள் ஒரு வருடமாக வளர்த்த ஆள் செத்துப்போனாள். எனக்கு மனசு வரவில்லை.

"மூணுதான். தப்பிச்சிட்ட," என்றேன்.

கலா கொப்பியை எட்டிப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். "விழுந்தத சொல்லுண்ணே. ரெண்டு வருசமா ஒன் பொய்ய நான் சொமக்கிறேன். இனிமே முடியாது."

ரிப்கான் ஒன்றும் விளங்காமல் விழித்தான். நான் கொப்பியை எடுத்துக் கீழே வைத்தேன்.

"பத்தொம்பது," என்றேன். பிறகு அவனிடம், "அன்னைக்கி அசிட் போத்தல வீசினது நான்தான் மச்சான். அவ தெறக்கல," என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கலா தன் தாளில் எழுதியிருந்த ஆளின் பெயரைப் பேனையால் கோடிழுத்து வெட்டினாள். "அம்மாகிட்டயும் சொல்லு. வீட்டுலதான் இருக்காங்க," என்றாள்.

வெளியே மழை விடவில்லை. கதவோரம் சாத்தியிருந்த குடையை எடுத்து, மேசையைச் சுற்றி நடந்து வந்து என் கையில் வைத்தாள். நான் பிடித்துக்கொண்டேனா என்று பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.