ஒருவர் மட்டும் பார்த்த திமிங்கலம்

1

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிற எழுத்தாளன் கோழை. இதை எழுதுகிறவன் மூன்று வருடமாகக் கல்லூரி இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறான். இந்த ஒரு கொள்கையில் மட்டும் அவன் வளைந்து கொடுத்ததே இல்லை. சமைக்க வந்தவன் பாதியில் கரண்டியை விருந்தாளி கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக நழுவுகிற வேலை அது என்று போன இதழில்கூட அரைப் பக்கம் எழுதி, கதை எழுதுகிற பேராசிரியர் ஒருவரைப் புண்படுத்தியிருக்கிறான்.

இந்தக் கதை பிறந்த விதத்தை ஒளிப்பதற்கில்லை. இதழில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. இதழாசிரியன் (வகுப்புத் தோழன்தான், அவசரக்குடுக்கை) வந்து கேட்டான்: "லீவுக்குக் கடலோரம் போனியே, காடு, திமிங்கலம்னு. உங்கப்பாவும் வந்தாராமே. அதைக் கொஞ்சம் தாளிச்சுக் குடு."

தாளித்துக் கொடுத்தான். இதழாசிரியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உங்கப்பா கேரக்டர் செமடா."

அந்தப் பிரதியை எழுதுகிறவன் திரும்ப வாங்கிக்கொண்டான். நீங்கள் வாசிப்பது வேறு.

2

தொடக்கங்கள், எழுதிய வரிசையில்:

"கடல் அன்று வெள்ளித் தகடாக..." (கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. பாதிப் பேருக்குக் குமட்டல்.)

"அப்பாக்களைச் சுற்றுலா கூட்டிப்போகக் கூடாது, ஏனென்றால்..." (பழைய பிரதியின் முதல் வரி. கைதட்டல் வாங்கக்கூடியது. அதனால் அடித்தான்.)

"அவனும் அதைப் பார்த்..." (இப்போது வேண்டாம்.)

நேராகச் சொல்லிவிடலாம். அவனுடைய* அப்பா இருபத்தெட்டு வருடம் தண்டவாளத்தில் நடந்தவர். நடப்பதுதான் வேலை. தினமும் ஆறு கிலோமீட்டர், இரும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இருந்தால் சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும். யோசிக்கக் கூடாது, பக்கத்தில் யாரையும் கேட்கக் கூடாது. ரயில் நின்றுவிடும், ஜன்னலுக்கு ஒரு தலை நீண்டு திட்டும். "திட்டட்டும்டா. திட்டுறதுக்கு உயிரோட இருக்காங்கல்ல" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. எது கண்ணில் பட்டாலும் உடனே நீண்டுவிடும். "அதோ பாரு, மரங்கொத்தி." "அதோ பாரு, அந்த வீட்டு மாடிச்சுவர் சாயுது." வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

* ‘அவன்’ என்று எழுதுவதற்குக் காரணம் கலை அல்ல. ‘நான்’ என்று ஆரம்பித்த மூன்று வரைவுகளும் படகுக்குள் வந்ததும் நின்றுவிட்டன.

3

படகில் இருபது பேர். வழிகாட்டி ஒரு பெண். கழுத்தில் தொலைநோக்கி, கையில் அட்டையில் செருகிய ஒரு தாள். அந்தப் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருமே திமிங்கலத்தைப் பார்க்காவிட்டால் மறுநாள் காலை எல்லோரையும் இலவசமாக மறுபடி கூட்டிப்போவார்கள். ஒரே ஒருவர் ‘பார்த்தேன்’ என்று தாளில் கையெழுத்துப் போட்டாலும் மறுபயணம் கிடையாது.

இரண்டாவது மணி நேரத்தில் அப்பா கையை நீட்டினார். "அதோ."

படகே திரும்பியது. தண்ணீர்தான் இருந்தது.

"அலைங்க" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

கரையில் படகைக் கட்டும்போது வழிகாட்டி தாளை நீட்டினாள். "யாராவது பார்த்தீங்களா?" எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பேனா கேட்டு வாங்கினார்.

"பெரியவரே, நல்லா யோசிச்சுக்குங்க" என்றார் தொப்பிக்காரர். "நாளைக்கு ஒரு தடவை வரலாம்னு எல்லாரும் ஆசையா இருக்கோம்."

"யோசிக்க என்ன தம்பி இருக்கு. முதுகு தெரிஞ்சுது. கறுப்பா, பளபளன்னு. ஒரு மூச்சு விட்டுட்டு உள்ள போயிடுச்சு."

"உங்களுக்குன்னு தனியா வந்துட்டுப் போச்சாக்கும்."

சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டத்தைக் கண்டால் எழுதுகிறவனுக்குச் சும்மா இருக்க வராது.

"நேத்து ரூம்ல கவுத்து வெச்ச வாளியைப் பார்த்துட்டு டால்பின்னாரு" என்றான்.

சிரிப்பு இரண்டு மடங்கானது. தொப்பிக்காரர் அவன் தோளைத் தட்டினார். "உங்கப்பாவா?"

"ஒரே ரூம்ல தங்கியிருக்கோம்."

(இதற்குத்தான் அதிகச் சிரிப்பு. பழைய பிரதியிலும் இதுதான் உச்சம்.)

அப்பா பேனாவை மூடினார். "தப்பாப் பார்த்திருப்பேன்மா" என்று தாளை வழிகாட்டியிடம் கொடுத்தார். யாரோ கைதட்டினார்கள்.

வாளி விஷயம் பொய். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

4

மறுநாள் எல்லோரும் இலவசப் படகில் போனார்கள். "நீ போயிட்டு வாடா" என்றார் அப்பா. அவன் போகவில்லை. இருவரும் காட்டுப் பாதையில் ஏறினார்கள். நாலு மணி நேர நடை; ஈரமான வேர்கள், அட்டைகள், மரத்துக்கு மரம் சிவப்பு அம்புக்குறி. அப்பா முன்னால் நடந்தார். ஒரு தடவைகூடக் கை நீளவில்லை.

ஒரு திருப்பத்தில், பத்தடி தூரத்தில் ஒரு மான் நின்றது. அப்பா பார்த்தார். அவர் பார்த்ததை அவன் பார்த்தான். கை இடுப்புவரை எழுந்து, சட்டைப் பையை வெறுமனே தடவிவிட்டு இறங்கியது.

"தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முயன்றிருக்கிறான்:

(அ) "அப்பா, மான்" என்று அவன் காட்ட, அவர் முகம் மலர்ந்... (காட்டவில்லை. மலரவும் இல்லை.)

(ஆ) மலையுச்சியிலிருந்து கடலைப் பார்த்தபோது திமிங்கலமே எழும்பி வந்து சாட்சி சொன்னது. (அதற்கு வேறு வேலை இருந்தது.)

(இ) அவன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னான்.

எந்த உண்மை என்று கேட்பீர்கள். படகில் அவன் அப்பாவுக்கு இடப்பக்கம், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் "அதோ" என்பதற்கு முன்பே பார்த்துவிட்டான். கறுப்பு முதுகு. பளபளப்பு. ஒரு மூச்சு. இருபது பேரில் இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் சொன்னார். மற்றவன் மறுபயணத்துக்கு ஆசைப்பட்டுக்கூட வாயை மூடவில்லை. அதுவாவது ஒரு காரணமாக இருந்திருக்கும். அவனுக்கு வேண்டியிருந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

5

ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. இன்று காலை அப்பா சொன்னார்: "கண்ணைக் காட்டணும்டா. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீயும் கூட வா."

"கண்ணுக்கு என்னப்பா?"

"இல்லாததெல்லாம் தெரியுதே." சட்டையை எடுத்து உதறினார். "எப்பலேர்ந்து கெட்டுச்சுன்னுதான் தெரியல. வேலையில இருந்தப்பவே கெட்டிருந்தா, எத்தனை விரிசலை விட்டேனோ."

சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போனார்.

இப்போது ஒன்பதரை. எழுதுகிறவன் சாப்பாட்டு மேஜையில் இந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறான். வசதியான முடிவு ஒன்று இருக்கிறது: டாக்டர் சோதித்துவிட்டு "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றுவிடுவார், மகன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. ஆனால் டாக்டர் "லேசா புரை இருக்கு" என்றும் சொல்லலாம். அந்த வயதில் யாருக்கும் சொல்வதுதான். அப்பா அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார், இருபத்தெட்டு வருடத்துக்கும் சேர்த்து.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நிற்கிறார்.

"என்னடா எழுதுற?"

"கதைப்பா."

"எதைப் பத்தி?"

எழுதுகிறவன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறான். வாயைத் திறக்கிறான்.

பக்கம் வடிவமைப்பவருக்கு: இதற்குக் கீழே நாலு வரி இடம் விடவும். மெல்லிசாகக் கோடு போட்டுக் கொடுத்தால் வாசிக்கிறவர்கள் எழுத வசதியாக இருக்கும்.