சொட்டுகிற பம்பு

படகுத்துறைக் காவலாளி மூன்றாவது முறை போன் செய்த பிறகுதான் அவள் கிளம்பினாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் படகுல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. அடியில இருக்கிற மோட்டார் நாள் முழுக்க இறைச்சுத் தள்ளுது. அது நின்னா படகு உக்காந்துடும். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

வீட்டுக்காரர் போய் மூன்று மாதம் ஆகிறது. சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், யாராவது தட்டில் போட்டால் சாப்பிடுகிறாள். சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை ஓட்டுவது அவள் வேலை. "கல்லு மாதிரி இருக்காளே" என்று உறவுக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். இருக்கலாம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

எஞ்சின் பம்பு ஒழுகுவதாக அண்ணன் சொல்லிக் கேட்டிருந்த கொழுந்தன் புதுப் பம்போடு துறையில் நின்றிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எப்போதுமே வாய் ஓயாதவன், அண்ணன் போனபின் அண்ணன் பங்கையும் சேர்த்துப் பேசினான். பாய்மரப் படகின் உள்ளே இறங்கி, சின்ன ஏணிப்படியைக் கழற்றினான். அதன் பின்னால் எஞ்சின் இருந்தது. அதைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பிலிருந்துதான் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

"நீர் வர்ற வால்வைக்கூட மூடாம போயிருக்கான் பாருங்க அண்ணி. மறுநாளே வரப்போற மாதிரி."

"வர்றதாத்தான் இருந்தாரு" என்றாள்.

வால்வை மூடிவிட்டு அவன் கையை உள்ளே விட்டுப் பார்த்தான். முழங்கைக்கு மேல் போகவில்லை. "லிஃப்ட்டுன்னா நின்னுக்கிட்டுப் பார்க்கலாம். இது எலி பார்க்க வேண்டிய வேலை."

"நகரு" என்று அவள் மண்டியிட்டாள்.

குழாயும் கிளிப்பும் அவளுக்குப் புதிதல்ல. "தினமும் இதே வேலைதான்" என்றாள். "இங்க நோயாளி இல்ல, அவ்வளவுதான்." அவன் சிரித்தான். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

முதல் போல்ட்டு சொன்னபடி கேட்டது. இரண்டாவது அரை மணி நேரம் அசையவில்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, தட்டி, மறுபடி திருகியதில் திடீரென்று விட்டுக்கொடுத்தது. உப்புப் பூத்த பம்பை வெளியே இழுத்தபோது அதன் அடியில் விரலில் வேறொன்று இடித்தது.

எவர்சில்வர் டப்பா. ஒழுகுவதைப் பிடிக்க வைத்தது. பக்கவாட்டில் நெளிவு, அவளே ஒருமுறை கீழே போட்டதில் விழுந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த டப்பாவை நாத்தனார் எடுத்துப்போய்விட்டாள் என்று அவள் நாலு பேர் முன்னால் சொன்னாள். நாத்தனார் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். சாவுக்கு வந்தபோதும் தம்பியின் காலடியில் அழுதுவிட்டு இவளைப் பார்க்காமலே போனாள்.

"அக்கா மேல பழி போட்டீங்களே, அந்த டப்பாவா?" கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி அண்ணா!" சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழத் தொடங்கினான் என்று தெரியவில்லை. எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான்.

தனக்கும் ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். கோபமாவது வரலாம். டப்பாவில் துருத்தண்ணீர் அசைந்து அடங்கியது.

"தேய்ச்சா போயிடும்" என்றாள்.

ஒழுகாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தாள். புதியதை வைத்து, பம்பின் தண்டை எஞ்சினின் பள்ளத்தில் பொருத்தினாள். மூன்றாவது முயற்சியில் உட்கார்ந்தது. கொழுந்தன் சாவியைத் திருப்பிவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"புகை மட்டுந்தான் வருது. தண்ணி வரல அண்ணி!"

"நிறுத்து, நிறுத்து. வால்வைத் திறந்தியா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். திறந்து மறுபடி ஓட்டியதும் படகு இருமி இருமித் தண்ணீரைத் துப்பியது. அவள் பம்பின் அடியில் விரலை ஓட்டினாள். காய்ந்திருந்தது. அந்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே வந்து நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, டப்பா கிடைச்சிடுச்சு. படகுல இருந்துது. உங்க தம்பிதான் எடுத்துட்டு வந்திருக்காரு. நான் சொன்னது தப்பு."

மறுமுனையில் துணி உதறும் சத்தம் கேட்டது. பிறகு, "நாம அடிச்சுக்கிட்டது அதுக்குத்தான்னு அவனுக்குத் தெரியுமா?"

"அன்னிக்குப் பக்கத்துலதான் உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தாரு."

"வாயைத் திறக்கல."

"திறக்கல."

"எங்க இருக்கே இப்போ? சாப்பிட்டியா?" என்றாள் நாத்தனார். அவள் பதில் சொல்வதற்குள், "வீட்டுக்கு வா" என்று வைத்துவிட்டாள்.

படகை நீயே வைத்துக்கொள் என்று சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு அவள் நேராக அங்கே போனாள். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள். சோபாவில் சும்மா சாய்ந்தவள் தூங்கிப்போனாள். விழித்தபோது சாயங்காலம், எந்த வீடு என்று ஒரு கணம் பிடிபடவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் விழித்ததைப் பார்த்ததும் மடிக்காத துணியில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.